பல் போனால் ஸ்பீடு போச்சு!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஆம்பூரிலிருந்து மாமியார் போன். மாமியார் போன் பண்ணினால் எழுந்து நின்று பேசுவது என் வழக்கம். (பயமெல்லாம் இல்லை ஸார், மரியாதை. ரெண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான்.)

"மாப்ள, உங்க மச்சினன் கெட்டுப் போயிட்டான். ரூம்ல ஸ்பிரிட் வாசனை வருது. என்னடா இதுன்னு கேட்டா எண்ணெய்ங்கறான். என்ன எண்ணெய்டான்னா, விளக்கெண்ணெய்ங்கறான். பெத்தவளைப் பாத்து விளக்கெண்ணெய்ங்கறான் மாப்ள!"

"அய்யய்யோ!"

"ஆபீஸ்ல யார்கிட்டயோ அஞ்சாயிரம் கடன் வேற வாங்கியிருக்கான். நீங்க வந்து ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுப் போங்க."

நான் பி.காம். எனக்குத் தெரிந்து ரெண்டில் ஒன்று பார்ப்பது என்றால் டெபிட்டா, கிரெடிட்டா என்று பார்ப்பதுதான். இருந்தாலும் வேலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறிவிட்டேன். ஆம்பூர் என்றதும் உங்களுக்கு பிரியாணி ஞாபகம் வரும். எனக்கும்தான். அதையும் இந்தப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மச்சினனின் ரூம் கதவைத் திறந்தால் மாமியார் சொன்ன வாசனை குப்பென்று அடித்தது. பாட்டிலைத் தேடினேன். இருந்தது. ஆனால் அதிலிருந்து குடிப்பது அவன் இல்லை. கட்டிலுக்கடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு கார்!

* * *

ரிமோட் கார் என்றால் பிறந்தநாளைக்கு வாங்கித் தருவோமே, சுவரில் நாலு தடவை முட்டி, அஞ்சாவது தடவை உயிரை விடுமே, அந்த ஜாதி என்று நினைத்தேன். இது வேறு. இதில் நிஜமான எஞ்சின் இருக்கிறது. 3.5 சி.சி. உங்கள் பைக்கில் இருப்பது 100 சி.சி. என்றால் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உங்கள் பைக் எட்டாயிரம், பத்தாயிரம் சுற்றுக்கே மூச்சு வாங்கும். இந்தச் சுண்டைக்காய், நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றும்.

இதற்கு ஊற்றுவது பெட்ரோல் இல்லை. மெத்தனால், அதோடு கொஞ்சம் நைட்ரோ மீத்தேன், மசகுக்காக எண்ணெய். அந்த எண்ணெயில் ஒரு பங்கு சத்தியமாக விளக்கெண்ணெய். பையன் அம்மாவிடம் பொய் சொல்லவில்லை! முதல் உலகப் போரில் பறந்த விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கும் விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். அந்தப் புகையை விழுங்கிய பைலட்டுகளுக்கு எதிரியைவிட வயிறுதான் பெரிய தொந்தரவாக இருந்தது என்று சொல்வார்கள்.

சிரித்து முடித்துவிட்டு ஒரு விஷயம். மெத்தனால் விளையாட்டுச் சாமான் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே மெத்தனால்தான். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சுவது கூடவே கூடாது. தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை சரியாகக் கண்ணுக்கே தெரியாது. பாட்டிலைக் கட்டிலுக்கடியில் வைத்ததற்காக மச்சினனுக்கு முதல் டோஸ் விட்டேன். அதை வெளியே, பூட்டு போட்ட தகரப் பெட்டிக்கு மாற்றிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

"என்ன விலைடா?"

"செகண்ட் ஹேண்ட்தான் மாமா. பதினெட்டாயிரம். போனஸ்ல வாங்கினேன்."

எனக்குள் இருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்தான். பதினெட்டாயிரம், அதற்கு வருடத் தேய்மானம் இத்தனை சதவிகிதம் என்று மனசுக்குள் போட ஆரம்பித்தேன். மச்சினன் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினான். அங்கே நிஜமான தேய்மானம் இருந்தது.

மூன்று பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். மூன்றும் பொக்கை.

"ரெண்டு மாசத்துல மூணு கியர் போச்சு மாமா. ஒண்ணு அறுநூறு ரூபா. மெட்ராஸ்லேருந்து கூரியர்ல வரணும். நாலாவது இப்ப வண்டியில இருக்கு. இன்னும் ஒண்ணு ஸ்பேர். அதுவும் போச்சுன்னா வித்துடுவேன். ராணிப்பேட்டைல ஒருத்தர் ஏழாயிரத்துக்குக் கேட்டிருக்காரு."

"ஏழாயிரமா? பதினெட்டுக்கு வாங்கி ஏழுக்கா?"

அவன் பதில் சொல்லவில்லை. டப்பாவை மூடிக்கொண்டே, "எனக்கு மெஷின் ஒத்து வராது மாமா. அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்" என்றான்.

அன்னைக்கு என்பது எனக்குப் புரிந்தது. டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்தவன் அவன். ஆறு அரியர். பாதியில் விட்டுவிட்டு, இப்போது ஷூ கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஜோடிக் கணக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறான். இந்தக் கார் அவனுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. இன்னொரு அரியர். இதையாவது க்ளியர் பண்ணிவிடலாம் என்று பார்த்திருக்கிறான்.

'வித்துத் தொலை' என்று சொல்லத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். சொல்ல வாய் வரவில்லை.

* * *

கார் எப்படி ஓடுகிறது என்று எனக்கு அவன் விளக்கினதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கரும்பு ஜூஸ் மெஷின் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் ஒரு சின்னப் பல்சக்கரம், ஒரு பெரிய பல்சக்கரம், கறுப்புக் கிரீஸைப் பூசிக்கொண்டு ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றும். சின்னது பினியன். பெரியது ஸ்பர் கியர். காரிலும் அதேதான்.

எஞ்சின் தண்டில் ஒரு கிளட்ச். அதில் இருக்கும் துண்டுகளுக்குப் பெயர் 'ஷூ'. (ஆம்பூர்க்காரன் ஷூவை விட்டு எங்கே போவான்?) எஞ்சின் வேகம் எடுத்ததும் ஷூக்கள் வெளிப்பக்கமாக விரிந்து, ஒரு கிண்ணத்தைக் கவ்விக்கொள்ளும். அதன் பெயர் கிளட்ச் பெல். அந்தக் கிண்ணத்தோடு ஒட்டினாற்போல் 13 பல் வைத்த இரும்புப் பினியன். அது 46 பல் வைத்த பிளாஸ்டிக் ஸ்பர் கியரைச் சுற்றும். அங்கிருந்து நாலு சக்கரத்துக்கும் போகும். அவ்வளவுதான் வண்டி.

இப்போது கணக்கு போடுங்கள். 13 பல், நிமிடத்துக்கு 30,000 சுற்று. பல்லோடு பல் மோதுவது நிமிடத்துக்கு 3 லட்சத்து 90 ஆயிரம் தடவை! பிளாஸ்டிக் பல் ஒவ்வொன்றும் செகண்டுக்கு சுமார் 140 அடி வாங்குகிறது. நம்மால் ஆபீஸில் ஒரு நாளைக்கு ஒரு அடி வாங்க முடியவில்லை.

சாயங்காலம் பாலாற்றுக்குப் போனோம். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போன அதே பாலாறு, மறுபடியும் மணலாகக் கிடந்தது. மச்சினன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான். கொசு மருந்து அடிக்கும் மெஷினும் தையல் மெஷினும் சண்டை போட்ட மாதிரி ஒரு சத்தம். நீலப் புகை. கார் கிளம்பியது பாருங்கள், என் தேய்மானக் கணக்கெல்லாம் மறந்துபோய் நான் 'ஹே' என்று கத்திவிட்டேன்.

நாற்பது செகண்டு. அப்புறம் 'ஙீ...' என்று ஊளை. எஞ்சின் அலறுகிறது, கார் நின்றுவிட்டது. நாலாவது கியரும் காலி.

மச்சினன் ஒன்றும் பேசாமல் எஞ்சினை அணைத்து, காரைத் துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற மாதிரி இருந்தது.

* * *

திரும்பி வரும் வழியில் டீக்கடை. பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. ஒரு லேத், ஒரு வெல்டிங் செட், ஒரு பெரியவர். டீக்கடைக்காரர் அவரை 'பாய்' என்று கூப்பிட்டார். துண்டுக்குள்ளிருந்து டயர் எட்டிப் பார்த்ததும் பாய் எழுந்து வந்தார்.

"இன்னாபா அது, கொசு மருந்து மெஷினா?"

மச்சினன் விஷயத்தைச் சொன்னான். பாய் காரைப் பார்க்கவே இல்லை.

"செத்துப்போன கியரெல்லாம் வெச்சிருக்கியா?"

"இருக்கு பாய். வீட்ல."

"போய் எடுத்துனு வா. எது மொதல்ல போச்சு, எது அப்புறம் போச்சுன்னு வரிசை தெரியணும்."

அவன் சைக்கிளில் பறந்தான். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு பாயின் ஜாதகம் கிடைத்தது. டேனரியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். தோலை ஊறவைத்துப் பதம் போடும் பெரிய மர டிரம்கள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றும் ஒரு அறை உயரம், அதை ஓட்டுகிற கியர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. 1996 ஆகஸ்டில், வேலூர் மக்கள் நலச் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கழிவு நீரைச் சுத்திகரி, இல்லாவிட்டால் மூடு என்று டேனரிகளுக்குக் கெடு வைத்த தீர்ப்பு. பாய் இருந்த இடம் கொஞ்ச வருஷம் இழுத்துப் பறித்து ஓட்டிப் பார்த்து, பிறகு மூடிவிட்டது.

"தண்ணி கெட்டது நெசம் ஸார். எங்க வேலை போனதும் நெசம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

பிஸ்கட் டப்பா வந்தது. பாய் நூல் கட்டின கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு கியரையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் டாக்டர் தோற்றார்!

"மொதல்ல போனது இதானே? பல்லு நுனி மட்டும் மழுங்கிப் போச்சு பாரு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல கேப்பு ஜாஸ்தி. நுனியும் நுனியும்தான் இடிச்சினு இருந்திருக்கு. ஸ்குரூ லூஸாயி எஞ்சின் பின்னால நகர்ந்திருக்கும்."

"ஆமா பாய். ஒரு ஸ்குரூ விழுந்தே போச்சு."

"அடுத்தது இது. பல்லோட அடிவரைக்கும் தேஞ்சு, மாவு மாவா உதிர்ந்து, பளபளன்னு உருகிப்போய்க் கீது. மொதல் தடவை லூஸாப் போச்சேன்னு பயந்துகினு ரெண்டாவது தடவை எஞ்சினை அழுத்தி முடுக்கிட்டே. சரியா?"

மச்சினன் என்னைப் பார்த்தான். ஜோசியரிடம் உண்மை வெளிவந்தவன் முகம்.

"மூணாவதும், இன்னிக்குப் போன நாலாவதும் ஒரே ஜாதி. பல்லோட ஒரு ஓரம் தேஞ்சு போச்சு, இன்னொரு ஓரம் புதுசா அப்படியே கீது. அப்போ கேப்பு தப்பில்ல. சாய்வு தப்பு. ரெண்டு தண்டும் நேருக்கு நேர் இல்ல. ஒரே ஒரு பல்லு மட்டும் ஒடிஞ்சு மத்ததெல்லாம் நல்லா இருந்துதுன்னா கல்லு மாட்டிச்சுன்னு அர்த்தம். அது உனக்கு இன்னும் வரல. வரும்."

நாலு பிணத்தைப் பார்த்து நாலு கேஸையும் முடித்துவிட்டார். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இவ்வளவு சீக்கிரம் வந்து நான் பார்த்ததில்லை.

"நாலு கியர் மாத்தினியே, ஒரு தடவையாவது எஞ்சின் உக்காந்திருக்கற இடத்தைக் கழட்டிப் பாத்தியா?"

"இல்ல பாய். கியர்தானே போச்சுன்னு..."

"டிரம்முலயும் இதே கதைதான். மரம் தண்ணி குடிச்சா உப்பும், சும்மா நின்னா சுருங்கும். கியர் வளையம் அந்த மரத்து மேலதான் போல்ட்டுல நிக்குது. மரம் அசைஞ்சா வளையம் அசையும், பினியன் பல்லு போவும். மொதலாளி புதுப் பினியன் போடும்பாரு. போட்டா அதுவும் போவும். பல்லைப் பாத்து பிரயோஜனமில்ல தம்பி. பல்லைப் புடிச்சினு இருக்குதே, அதைப் பாக்கணும்."

* * *

காரைக் கவிழ்த்துப் போட்டார்கள். எஞ்சினை அடித்தட்டோடு பிடித்திருப்பவை நாலு ஸ்குரூ. அதில் ஒன்று அசல் இல்லை. விழுந்துபோனதற்குப் பதிலாக மச்சினன் போட்ட வேறு ஏதோ. தலை சரியாகக் குழிக்குள் உட்காராமல் ஒரு பக்கமாக நின்றது. ஆலன் கீயால் (பட்டறை பாஷையில் எல்.என்.கீ) கழற்றி எஞ்சினைத் தூக்கினால், ஒரு காலுக்கடியில் பாலாற்று மணலும் எண்ணெயும் சேர்ந்து காய்ந்து, சிமென்ட் மாதிரி ஒரு பத்து. தாள் கனம்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு கால் உயர்ந்ததில் எஞ்சினே சாய்ந்துவிட்டது.

பாய் கிளட்ச் பெல்லை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். லொட லொட. உள்ளே இருக்கும் இரண்டு பேரிங்கும் போய்விட்டன. (5 மில்லிமீட்டர் உள்விட்டம், 10 மில்லிமீட்டர் வெளிவிட்டம். சட்டைப் பித்தான் சைஸ். கிளட்ச் சூட்டில் வெந்து, மணலைத் தின்று, முதலில் சாவது இவைதான்.) இரும்புப் பினியனின் பல்லும் ஒரு பக்கமாகக் கொக்கி போல் வளைந்திருந்தது. இந்தப் பினியனோடு எத்தனை புதுப் பிளாஸ்டிக் கியர் போட்டாலும் அது ரம்பம் மாதிரி அறுத்துத் தள்ளும். பழைய பாக்கி நிற்கும்போது புதுப் பேரேடு போட்டால் கணக்கு நேராகுமா?

'அப்படியென்றால் இவ்வளவு கோணலாக இருந்தும் கார் எப்படி ஜோராகக் கிளம்பியது?' என்று எனக்கு சந்தேகம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கியர் பல்லின் அந்த வளைவு சும்மா வந்ததில்லை. ஆய்லர் என்று 18-ம் நூற்றாண்டு ஸ்விட்சர்லாந்துக் கணித மேதை. பல்சக்கரத்துக்கு இந்த வளைவுதான் சரி என்று சொன்னவர் அவர். ஒரு வட்டத்தில் சுற்றின நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பிரித்தால் நூல் நுனி ஒரு கோடு போடுமே, அந்த வளைவு. அதன் விசேஷம், இரண்டு சக்கரமும் கொஞ்சம் தள்ளிப் போனாலும் வேக விகிதம் மாறாது. அதனால் இடைவெளி தப்பினாலும் வண்டி வழக்கம்போல் ஓடும். தப்பு வெளியே தெரியாது. தெரிகிற அன்றைக்குப் பல் இருக்காது.

புதுக் கிளட்ச் பெல், பேரிங், அசல் ஸ்குரூ எல்லாவற்றுக்கும் கூரியரில் ஆர்டர் கொடுத்தோம். பணம் நான்தான் கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

* * *

அடுத்த ஞாயிறு மறுபடியும் ஆம்பூர். (பிரியாணிக்காக இல்லை. சரி, கொஞ்சம் பிரியாணிக்காகவும்.) அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பேட்டரி கார் வைத்திருப்பவர்களும் படிக்கலாம். எஞ்சினுக்குப் பதில் மோட்டார், மற்றபடி பல் விவகாரம் அங்கேயும் இதேதான்.

முதலில் சுத்தம். எஞ்சின் காலையும் அடித்தட்டையும் துடைத்து, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளைப் பரப்பி, காலை நாலு இழுப்பு இழுத்து சமமாக்கினார் பாய். ஸ்குரூ ஓட்டையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்தார்கள். எண்ணெய் இருந்தால் ஸ்குரூவில் போடும் நீலப் பசை ஒட்டாது. அந்தப் பசை இரும்பு இரும்போடு சேரும் இடத்துக்கு மட்டும்தான், பிளாஸ்டிக்குக்குக் கூடாது.

அடுத்தது சாய்வு. "கண்மை இருக்குதா?" என்று கேட்டார் பாய். டிரம் கியருக்கெல்லாம் பல்லில் மை பூசிச் சுற்றிப் பார்ப்பார்களாம், எங்கே ஒட்டுகிறது என்று. கண்மை என்பது என்ன? விளக்குக் கரியும் விளக்கெண்ணெயும்தானே! நான் வீட்டுக்கு ஓடி, மாமியாரின் கண்மை டப்பாவைத் தெரியாமல் எடுத்து வந்தேன். இரும்புப் பல்லில் லேசாகப் பூசி, கையால் ஒரு சுற்று. ஸ்பேர் கியரின் வெள்ளைப் பல்லில் மை ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டியது. இன்னும் சாய்வு இருக்கிறது. மறுபடி கழற்றி, மறுபடி உப்புத்தாள். மூன்றாவது தடவை, மை பல்லின் முழு அகலத்துக்கும் ஒட்டியது. பாய் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு.

மூன்றாவது, இடைவெளி. பாய் டீக்கடையிலிருந்து வடை மடித்த பேப்பரை வாங்கி, எண்ணெய் படாத பக்கமாக ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தார். அதை இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் விட்டு, எஞ்சினை லேசாக ஸ்பர் கியரோடு நெருக்கிப் பிடித்து, நாலு ஸ்குரூவையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினார்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பேப்பரை வெளியே எடுத்தார்கள். விசிறி மடிப்பு மாதிரி மடிந்து வரவேண்டும், கிழியக் கூடாது. கிழிந்தால் இறுக்கம். மடிப்பே விழாவிட்டால் லூஸ். அந்தப் பேப்பர் கனம்தான் இடைவெளி.

மடிப்பு மடிப்பாக வெளியே வந்த துண்டைப் பார்த்தேன். எழுத்து எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. நான் எழுதின பக்கம்! என் எழுத்தால் உலகத்துக்கு ஒரு பிரயோஜனம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு இடத்தில் சரியாக இருந்தால் போதாது. பிளாஸ்டிக் சக்கரம் முழு வட்டமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிப் பார்த்து, எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் பேப்பர் வைத்து அளவு எடுக்க வேண்டும். கடைசியாக, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பர் கியரை ஆட்டினால் 'டிக்' என்று மெலிசாக ஒரு சத்தம். அதுதான் சரியான அளவு.

"புருஷன் பெண்டாட்டி மாதிரிதான் ஸார். ரொம்ப ஒட்டினா சூடு. ரொம்பத் தள்ளினா வழுக்கிடும். பேப்பர் அளவு கேப்பு இருக்கணும்" என்றார் பாய்.

எல்லாம் முடிந்ததும் பாய் கிரீஸ் டப்பாவை எடுத்தார். மச்சினன் தயங்கித் தயங்கி, "வேணாம் பாய்" என்றான்.

"இன்னாபா, கியருக்குக் கிரீஸ் வேணாமா?"

"இது திறந்த கியர் பாய். மணல்ல ஓடுது. கிரீஸ் போட்டா மணல் ஒட்டிக்கும். அப்புறம் அதுவே உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேச்சிடும். டிரம் நிமிஷத்துக்கு ஒரு பத்து சுத்துதான் சுத்தும், லோடும் ஜாஸ்தி, அதுக்குக் கிரீஸ் வேணும். இது பிளாஸ்டிக். காய்ஞ்சே ஓடலாம்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷ ஃபிட்டரிடம் ஆறு அரியர்காரன் பேசுகிறான். பாய் கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை மூடினார்.

"சரியாத்தான் சொல்றே. இது நம்ம டிரம் இல்ல."

அவ்வளவுதான். மச்சினன் குனிந்து சும்மா ஒரு ஸ்குரூவைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த ஸ்குரூதான்.

* * *

பாலாறு. பாயும் வந்தார். முதலில் இரண்டு நிமிடம் மெதுவாக ஓட்டி நிறுத்தி, ஸ்குரூ நாலையும் தொட்டுப் பார்த்தார்கள். சூட்டில் எல்லாம் கொஞ்சம் விரியும், அதனால் 'டிக்' இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தது. அப்புறம் விட்டான்.

நாற்பது செகண்டு தாண்டியது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஊளைச் சத்தம் வரவில்லை. ஒரு டேங்க் காலியாகிற வரைக்கும் ஓடியது. இரண்டாவது டேங்க்கும் ஓடியது. மச்சினன் ரிமோட்டை பாயிடம் கொடுத்தான். அவர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு வாங்கினார். கார் வட்டமாகச் சுற்றியது, மறுபடி சுற்றியது, மறுபடியும். பாய்க்கு ஸ்டியரிங்கை நேராக்கத் தெரியவில்லையா அல்லது நேராக்கப் பிடிக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. டேங்க் தீரும்வரை யாரும் அவரிடமிருந்து ரிமோட்டைக் கேட்கவில்லை.

திரும்பி வந்து கழற்றிப் பார்த்தோம். நாற்பத்தாறு பல்லும் அப்படியே இருந்தன. மச்சினன் எண்ணினான். இரண்டு தடவை.

ராணிப்பேட்டைக்காரருக்கு 'விற்பதாக இல்லை' என்று செய்தி போய்விட்டது. ஆபீஸ் கடனை மாதம் ஆயிரமாக அஞ்சு மாதத்தில் அடைப்பதாக ஏற்பாடு. (இது என் டிபார்ட்மென்ட். தவணை அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டேன்.) இப்போது ஆபீஸ் விட்டதும் பையன் பாயின் பட்டறைக்குப் போய் ஒரு மணி நேரம் லேத் பக்கத்தில் நிற்கிறானாம். ஆறு அரியரில் இரண்டை எழுத முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். முடியுமா, முடியாதா என்பது கல்லூரிக்கு வெளிச்சம். விசாரிக்கிறானே, எனக்கு அது போதும்.

வேலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. இந்த எழுத்து வேலைக்கு வருவதற்கு முன் நான் நாலு கம்பெனி மாறியிருக்கிறேன். நாலிலும் மேனேஜர் சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், இந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கிறேன். ஒரு கியர் போனால் கியரில் கோளாறு என்று சொல்லலாம். வரிசையாக நாலும் ஒரே ஓரமாகத் தேய்ந்திருந்தால்? எஞ்சின் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு பொடி மணல் இருக்குமோ?

ஆம்பூர் தாண்டி, பள்ளிகொண்டா வரைக்கும் யோசித்தேன். அதற்குள் பிரியாணி வேலை செய்ய ஆரம்பித்ததால் தூங்கிவிட்டேன்.

பி.கு.: நேற்று ராத்திரி மறுபடி மாமியாரிடமிருந்து போன். எழுந்து நின்றேன். "மாப்ள, பையன் தெளிஞ்சுட்டான். நீங்க வந்த நேரம்தான். ஆனா ஒண்ணு..." என்று நிறுத்தினார்.

"சொல்லுங்க அத்தை."

"என் கண்மை டப்பாவைக் காணோம். நீங்க ஏதாவது போட்டுக்கிட்டீங்களா?"